தேதி யார் கையில்?

கச்சிராயபாளையத்தில் ஒரு டீக்கடை. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகிற பஸ் இந்த ஊரைத் தாண்டித்தான் மேலே ஏறும். வெள்ளிமலை பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எழுபதைத் தாண்டியவர். தேர்தல் முன்கூட்டியே வருமா, வராதா என்று பேப்பரில் ஆளாளுக்கு ஆரூடம் சொல்லிக்கொண்டிருந்த நேரம்.

"இதுக்குப் போயி பேப்பர் எதுக்குத் தம்பி? ஜல்லி லாரி மலை ஏறுச்சுன்னா எலெக்‌ஷன் வருதுன்னு அர்த்தம். லாரி கீழ இறங்கிடுச்சுன்னா முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம்" என்றார்.

சிரித்துவிட்டு டீயைக் குடித்தேன். ஆனால், மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது அந்த வார்த்தை கூடவே வந்தது. ஓட்டுப் போடப்போகிறவருக்குத் தேர்தல் எப்போது என்று தெரியாது. லாரியை அனுப்புகிறவருக்குத் தெரியும். நாடாளுமன்ற ஆட்சிமுறையின் பழைய வியாதி ஒன்றை அந்தப் பெரியவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்!

அமெரிக்காவில் இந்தச் சிக்கல் இல்லை. நவம்பர் மாதம் முதல் திங்கட்கிழமைக்கு மறுநாள் செவ்வாய்க்கிழமை என்றால் செவ்வாய்க்கிழமைதான். உள்நாட்டுப் போர் நடந்த 1864-லும் அதிபர் தேர்தல் நடந்தது. உலகப் போர் நடந்த 1944-லும் நடந்தது. அதிபர் நினைத்தாலும் தேதியை நகர்த்த முடியாது.

நாம் எடுத்துக்கொண்டது லண்டன் வழி. சபைக்கு ஐந்து வருஷம் என்று நம் அரசியல் சட்டம் சொல்கிறது. கூடவே, 'அதற்கு முன்பே கலைக்கப்பட்டால் தவிர' என்று ஒரு வாலும் இருக்கிறது. அந்த வாலில்தான் எல்லா வித்தையும். பிரதமரோ முதல்வரோ பெரும்பான்மை பலத்தோடு சிபாரிசு செய்தால் சபை கலையும். ஐந்து வருஷம் என்பது உச்சவரம்பு. கீழ்வரம்பு கிடையாது.

காமர்ஸ் படித்தவன் என்பதால் எனக்கு இதைக் கணக்குப் புத்தகமாகப் பார்த்தால்தான் புரியும். மார்ச் 31 என்றால் கணக்கு முடிக்க வேண்டும். லாபமோ நஷ்டமோ, அன்றைக்கு என்ன நிலவரமோ அதைத்தான் எழுத வேண்டும். முதலாளி கல்லாவில் காசு நிறைந்திருக்கிற நாளாகப் பார்த்து, "இன்னிக்கே கணக்கை முடி, ஆடிட்டரைக் கூப்பிடு" என்று சொல்ல முடிந்தால் அந்தக் கணக்குக்கு என்ன மரியாதை? தேர்தல் என்பது ஆட்சியின் தணிக்கை. தணிக்கை தேதியைத் தணிக்கைக்கு உட்பட வேண்டியவரே குறிக்கலாம் என்பதுதான் நம் ஏற்பாடு.

சரி, இது கள்ளக்குறிச்சியில் எப்படி விளையாடியது என்று பார்ப்போம்.

1952-லிருந்து 1967 வரை மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் ஒன்றாகவே தேர்தல் நடந்தது. அடுத்தது 1972-ல் வர வேண்டும். ஆனால், காங்கிரஸ் பிளந்து கிடந்த நேரத்தில் இந்திரா காந்தி 1970 டிசம்பர் 27 அன்று மக்களவையைக் கலைக்கச் செய்தார். ஒரு வருஷத்துக்கு மேல் பாக்கி இருந்தது. வங்கிகளைத் தேசியமயமாக்கி, அவர் செல்வாக்கு உச்சத்தில் இருந்த நேரம். அதே கணக்கைச் சென்னையில் கலைஞரும் போட்டார். 1971 ஜனவரி தொடக்கத்தில் தமிழகச் சட்டமன்றமும் கலைக்கப்பட்டது.

மார்ச்சில் தேர்தல். இந்திரா காங்கிரஸ் தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதியில்கூட நிற்கவில்லை. சில மக்களவைத் தொகுதிகளை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதைத் தி.மு.க.வுக்கு விட்டுவிட்டது. எதிரே காமராஜரும் ராஜாஜியும் கைகோத்து நின்றார்கள். தி.மு.க.வுக்கு 184 இடங்கள். தமிழ்நாட்டில் அதுவரை யாரும் பார்க்காத வெற்றி. தேதி குறித்தவர்கள் இருவருமே ஜெயித்தார்கள்.

அப்போது கள்ளக்குறிச்சி என்ற பெயரிலேயே ஒரு மக்களவைத் தொகுதி இருந்தது. 1967-லும் 1971-லும் இருந்து, 1977-ல் மறைந்து, மறுசீரமைப்புக்குப் பிறகு 2009-ல் திரும்பி வந்த தொகுதி அது. 1971-ல் இந்த ஊர் வாக்காளர் இரண்டு ஓட்டுப் போட்டார். ஒன்று டெல்லிக்கு, ஒன்று சென்னைக்கு. இரண்டுமே ஐந்து வருஷத்துக்கு.

என்ன ஆயிற்று தெரியுமா?

1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. 1976 மார்ச்சில் இரண்டு சபைகளுமே முடிய வேண்டும். தமிழ்நாட்டில் தி.மு.க. அரசை 1976 ஜனவரி 31 அன்று டெல்லி கலைத்தது. இன்னும் இரண்டு மாதம்கூட இல்லாத ஆட்சியைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அடுத்த மாதமே நாடாளுமன்றம், மக்களவையின் ஆயுளை ஒரு வருஷம் நீட்டிக்கச் சட்டம் போட்டது. நவம்பரில் இன்னொரு வருஷம் நீட்டித்துக்கொண்டது. போதாததற்கு 42-வது திருத்தம் வந்து சபைகளின் ஆயுளையே ஆறு வருஷம் ஆக்கியது. பக்கத்து வீடான கேரளத்தில், 1970-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றமும் காலம் முடிந்த பிறகு நீட்டிப்பு வாங்கி 1977 வரை ஓடியது. அங்கே டெல்லிக்கு இணக்கமான ஆட்சி.

ஆக, கள்ளக்குறிச்சிக்காரர் ஒரே தேர்தலில் போட்ட இரண்டு ஓட்டில் ஒன்றின் ஆயுள் ஐந்து வருஷத்துக்குள் முடிக்கப்பட்டது. இன்னொன்றின் ஆயுள் கிட்டத்தட்ட ஆறு வருஷத்துக்கு இழுக்கப்பட்டது. இரண்டுக்கும் அவரிடம் யாரும் கேட்கவில்லை. 1971-ல் தேதியை முன்னுக்கு இழுத்துச் சேர்ந்து ஜெயித்த இருவரில் ஒருவர், 1976-ல் மற்றவருடைய தேதியைப் பறித்தார். கூட்டாளிக்கே இந்தக் கதி!

இதே 1976-ல்தான் கல்வராயன் மலையில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது.

இந்த மலை நூற்றாண்டுகளாக ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற பெயர்களில் ஜாகிர்கள். விஜயநகர காலத்திலேயே எங்களுக்குக் கொடுத்தது என்பது அவர்கள் தரப்பில் சொல்லப்படும் வரலாறு. மலையில் வாழ்கிறவர்கள் மலையாளி பழங்குடியினர். கேரளத்துக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் மலையாளிகள். காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து மலை ஏறியவர்கள் என்று தங்கள் கதையைச் சொல்கிறவர்கள். பெயரில் இருந்த ஆட்சி நிஜத்தில் இல்லை. வரியும் உழைப்பும் ஜாகிருக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. 1947-ல் சுதந்திரம், 1950-ல் குடியரசு, சமவெளியில் ஜமீன் ஒழிப்பு எல்லாம் நடந்து முடிந்து, 1976-ல்தான் ஜாகிர் ஆட்சி முடிவுக்கு வந்து மலை முழுமையாக அரசின் கைக்கு வந்தது.

நல்ல காரியம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். அந்த வருஷம் தமிழ்நாட்டில் சட்டமன்றம் கிடையாது. கவர்னர் ஆட்சி. 1977 ஜூன் 30 அன்று எம்.ஜி.ஆர். முதல்வராகும் வரை அதுதான் நிலைமை. மலைக்காரனின் விடுதலை, அவனுடைய கேள்வியைக் கொண்டுபோக ஒரு எம்.எல்.ஏ.கூட இல்லாத வருஷத்தில் மேலிருந்து இறங்கியது. ஜாகிர் போனபின் ரோடு எங்கே, பள்ளிக்கூடம் எங்கே, ஆஸ்பத்திரி எங்கே என்று சபையில் எழுந்து கேட்க ஆளில்லை.

அந்தக் கேள்வி எவ்வளவு தாமதமாக எழுந்தது தெரியுமா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதன் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகள் பற்றி வழக்கு எடுத்துக்கொண்டது. 1976 வரை ஜாகிர்தார்களிடம் இருந்த மலை என்ற பழைய வரலாறும் அந்த வழக்கில்தான் பலருக்குத் தெரியவந்தது. ஓட்டுப் பெட்டி கேட்க வேண்டிய கேள்வியை நாற்பத்தெட்டு வருஷம் கழித்துக் கோர்ட் கேட்க வேண்டியிருந்தது.

தேதியைத் தள்ளிப்போடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்குக் கடல் தாண்டி இன்னொரு சாட்சி உண்டு. இலங்கையில் 1977-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றத்தின் காலம் 1983-ல் முடிய வேண்டும். ஆறில் ஐந்து பங்கு பலம் வைத்திருந்த ஜே.ஆர். ஜெயவர்த்தனா, தேர்தல் வைத்தால் அந்த பலம் போய்விடும் என்று, 1982 டிசம்பரில் பொதுவாக்கெடுப்பு நடத்தி அதே சபையை இன்னும் ஆறு வருஷத்துக்கு நீட்டித்துக்கொண்டார். யாழ்ப்பாணம் பெருவாரியாக 'வேண்டாம்' என்றது. எடுபடவில்லை. ஏழு மாதம் கழித்து 1983 ஜூலை. அடுத்த பொதுத்தேர்தல் 1989-ல்தான் நடந்தது. நடுவில் போன வருஷங்களில் என்னென்ன போயிற்று என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் தேதியைச் சட்டத்தில் எழுதிப் பூட்டிவிட வேண்டியதுதானே? பூட்டிப் பார்த்தவர்கள் உண்டு.

கனடா 2007-ல் சட்டம் போட்டது. நாலு வருஷத்துக்கு ஒரு முறை, அக்டோபர் மூன்றாம் திங்கட்கிழமை. அந்தக் கணக்கில் முதல் தேர்தல் 2009 அக்டோபரில் வர வேண்டும். சட்டம் கொண்டுவந்த பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பரே 2008 அக்டோபரில் தேர்தலை நடத்திவிட்டார்! கோர்ட்டுக்குப் போனார்கள், பலன் இல்லை. கவர்னர் ஜெனரலின் அதிகாரத்தை அந்தச் சட்டம் தொடவில்லை என்று சட்டத்திலேயே ஒரு ஓட்டை வைத்திருந்தார்கள். 2021-ல் ஜஸ்டின் ட்ரூடோவும் இரண்டு வருஷம் முன்னதாகவே தேர்தலுக்குப் போனார்.

பிரிட்டன் கொஞ்சம் அழுத்தமாகப் பூட்டியது. 2011-ல் நிலையான ஆயுள் சட்டம். ஐந்து வருஷம் ஆன பிறகுதான் தேர்தல். முன்கூட்டி வேண்டுமென்றால் மூன்றில் இரண்டு பங்கு எம்.பி.க்கள் சம்மதிக்க வேண்டும், அல்லது அரசு நம்பிக்கை இழக்க வேண்டும். 2015 தேர்தல் சொன்ன தேதியில் நடந்தது. 2017-ல் தெரசா மே முன்கூட்டித் தேர்தல் கேட்டார். 'தேர்தலுக்குப் பயப்படுகிறோம்' என்று எந்த எதிர்க்கட்சி சொல்லும்? மூன்றில் இரண்டு பங்கு சுலபமாகக் கிடைத்தது. பூட்டு இருந்தும் கதவு திறந்துகொண்டது. வேடிக்கை, மே பெரும்பான்மையை இழந்தார்.

2019-ல் நேர் எதிர்க் கூத்து. பிரெக்ஸிட் சண்டையில் போரிஸ் ஜான்சனுக்குப் பெரும்பான்மை இல்லை. ஆளவும் முடியவில்லை, தேர்தலுக்குப் போகவும் முடியவில்லை. மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் சபை விடவில்லை. கடைசியில் 'இந்த ஒரு தடவை மட்டும்' என்று தனிச் சட்டம் போட்டு டிசம்பர் 12 அன்று தேர்தல் நடத்தினார்கள். 2022-ல் 2011 சட்டத்தையே தூக்கிக் குப்பையில் போட்டாயிற்று.

எல்லா இடத்திலும் தோல்வி என்று சொல்ல மாட்டேன். நார்வேயில் நாடாளுமன்றத்தைக் கலைக்கவே முடியாது. நாலு வருஷம் என்றால் நாலு வருஷம். ஆட்சி கவிழ்ந்தால் அதே சபைக்குள் இன்னொரு ஆட்சியை அமைத்துக்கொள்ள வேண்டும். பல கட்சிகள் பேசிப் பழகிய ஊர், அங்கே நடக்கிறது. நம் ஊரில் அப்படிப் பூட்டினால் உள்ளே 'பேசிப் பழகுவது' எந்த ரிசார்ட்டில் நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

தேதி கையில் இருந்தால் ஜெயித்துவிடலாம் என்பதும் நிச்சயமில்லை. 2004-ல் வாஜ்பாய் அரசு 'இந்தியா ஒளிர்கிறது' என்ற விளம்பர வெளிச்சத்தில் எட்டு மாதம் முன்பே மக்களவையைக் கலைத்தது. தமிழ்நாட்டின் 39 இடங்களில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆந்திராவில் சந்திரபாபு நாயுடு 2003-ல் கலைத்துத் தோற்றார். தெலங்கானாவில் சந்திரசேகர ராவ் 2018-ல் கலைத்து ஜெயித்தார். தோற்றவர்களைக் காட்டி 'மக்கள் ஏமாற மாட்டார்கள்' என்று நிம்மதியடையலாம்தான். ஆனால், நடுவர் நேர்மையானவர் என்பதற்காக, மேட்ச் நாளை ஒரு டீமே குறிக்கட்டும் என்று விட முடியுமா?

தமிழ்நாட்டில் ஒரு விசேஷம் உண்டு. 1976, 1980, 1988, 1991 என்று கலைப்பில் அடிபட்ட நம் மாநிலத்தில், 1991-க்குப் பிறகு 1996, 2001, 2006, 2011, 2016, 2021 என்று ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை கடிகாரம் மாதிரி தேர்தல் நடந்தது. நிலையான தேதிக்கு எந்தச் சட்டமும் இல்லாமலே! 1985-ல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்தது. 1994-ல் பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம், இஷ்டத்துக்கு மாநில அரசுகளைக் கலைக்க முடியாது என்று கடிவாளம் போட்டது. அவசர நிலையில் சபையை நீட்டிப்பதற்கு வரம்பு உண்டு, ஆறு வருஷ ஆயுளோ 1978-ல் 44-வது திருத்தத்தோடு ஒழிந்தது. கலைக்கிற கையைக் கட்டினால் தேதி தானாக நிலைக்கிறது.

இந்த இடத்தில்தான் 'ஒரே நாடு, ஒரே தேர்தல்' வருகிறது. 2024 டிசம்பர் 17 அன்று மக்களவையில் அறிமுகமாகிக் கூட்டுக்குழுவுக்குப் போன 129-வது திருத்த மசோதா. மக்களவையின் ஆயுளோடு எல்லாச் சட்டமன்றங்களின் ஆயுளையும் கட்டுவது, நடுவில் ஒரு சபை கலைந்தால் புதிய சபை மிச்சக் காலத்துக்கு மட்டும் என்பதுதான் அதன் சாரம். செலவு குறையும், அதிகாரிகளும் ஆசிரியர்களும் அடிக்கடி தேர்தல் வேலைக்கு ஓட வேண்டாம், நடத்தை விதிகளைக் காட்டி வேலைகள் நிற்காது என்கிறார்கள். நியாயமான காரணங்கள்தான். மிச்சக் காலத்துக்குத்தான் பதவி என்றால், சாதகமான நாள் பார்த்துக் கலைக்கிற ஆசையும் குறையும்.

ஆனால், பழைய கணக்கில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். 1980 பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். அரசை டெல்லி கலைத்தது. ஜனவரி மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. இரண்டே இடம் பிடித்ததுதான் சாக்கு. மே மாதம் தேர்தல் வைத்தார்கள். மக்கள் எம்.ஜி.ஆரையே திரும்பக் கொண்டுவந்தார்கள். 'மிச்சக் காலம்' விதி அன்று இருந்திருந்தால், 1977 கணக்கில் அந்தத் தீர்ப்பு 1982 மார்ச்சோடு செல்லாமல் போயிருக்கும். அதே வருஷம் இந்திரா பெற்ற வெற்றியும் அப்படித்தான். முழு ஓட்டுப் போட்டவருக்குப் பாதி ஆட்சி. கலைத்தவருக்குத் தண்டனை இல்லை, ஓட்டுப் போட்டவருக்குத்தான் கழிவு.

கடைசியாக, மறுபடி கள்ளக்குறிச்சிக்கு வருகிறேன். ஏனென்றால், அசைக்க முடியாத தேதி என்று நம் அரசியல் சட்டத்திலேயே ஒன்று இருக்கிறது. உள்ளாட்சி. ஐந்து வருஷம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும் என்று 1993-ல் அமலான 73-வது திருத்தம் கறாராகச் சொல்கிறது. 

நடந்தது என்ன? 2016 அக்டோபரில் தேர்தல் அறிவித்தார்கள். பழங்குடியினர் இடஒதுக்கீடு முறையாக இல்லை என்று வழக்கு. உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்தது. அந்த மாதமே பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். வார்டு மறுவரையறை, வழக்கு, அவகாசம், மறுபடி வழக்கு. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது. கள்ளக்குறிச்சியில் நடக்கவில்லை. ஏன்? 2019 நவம்பர் 26 அன்றுதான் அது விழுப்புரத்திலிருந்து பிரிந்து புது மாவட்டமானது. புது மாவட்டம் என்பதால் எல்லை வரைய வேண்டும், பிறகு நடத்தலாம் என்று ஒன்பது மாவட்டங்களை ஒதுக்கி வைத்தார்கள். அதில் இதுவும் ஒன்று. உச்ச நீதிமன்றம் கெடு வைத்த பிறகு 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் ஓட்டுப்பதிவு நடந்தது.

2016 அக்டோபரிலிருந்து 2021 அக்டோபர் வரை. ஐந்து வருஷம். ஒரு முழுப் பதவிக்காலமே காணாமல் போயிருக்கிறது! அந்த ஐந்து வருஷத்துக்குள்தான் கொரோனா வந்தது. ஊரடங்கில் அரிசி இல்லை, மருந்து இல்லை என்று மலைக் கிராமத்தில் ஒருவன் போய் நிற்க வேண்டிய வாசலில் தலைவர் இல்லை. அதிகாரி இருந்தார். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால், அடுத்த தேர்தலில் அவரைத் தோற்கடிக்க முடியாதே!

2019-ல் தேர்தல் நடந்த மாவட்டங்களிலும் 2025 ஜனவரி 5 அன்று பதவிக்காலம் முடிந்தபோது, தேர்தலுக்குப் பதில் மறுபடியும் தனி அலுவலர்கள்தான் வந்தார்கள். தேதி சட்டத்தில் எழுதியிருக்கிறது. தேதியை மீறியவருக்கு என்ன ஆகும் என்பதுதான் எழுதப்படவில்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான். பெரும்பான்மை இருக்கும்போதே நல்ல நாள் பார்த்துச் சபையைக் கலைக்கிற உரிமை ஆள்கிறவருக்குக் கூடாது. நம்பிக்கை இழந்த ஆட்சியை மாற்ற மக்களிடம் போகும் வழி அடைபடக் கூடாது. போனால், கிடைக்கிற தீர்ப்பு முழு ஐந்து வருஷத்துக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, தள்ளிப்போடுவதற்கு விலை இருக்க வேண்டும். முன்கூட்டி வருகிற தேர்தல் எதிர்க்கட்சிக்குச் சங்கடம். வராமலே போகிற தேர்தல் ஓட்டைத் தவிர வேறு பலம் இல்லாதவனுக்கு நஷ்டம்.

வெள்ளிமலையில் வேலை முடிந்து கடைசி பஸ்ஸில் இறங்கினேன். ரோட்டோரம் ஜல்லிக் குவியல் இருக்கிறதா என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். எங்கும் இல்லை. அப்படியென்றால் தேர்தல் இப்போதைக்கு இல்லை போலிருக்கிறது.